கொக்கியை வளர்க்கப் போகிறவருக்கு

கொக்கிக்கு வாரம் இரண்டு தடவையாவது ரோமம் சீவிவிட வேண்டும். மேலே நீளமாகத் தெரிவது வெளி ரோமம். அதற்கு அடியில் பஞ்சு மாதிரி இன்னொன்று இருக்கிறது. காதுக்குப் பின்னாலும் தொடைக்குப் பின்னாலும் அது சிக்கு விழும். வெயில் காலத்தில் பாவம் பார்த்து மொட்டையடித்துவிடாதீர்கள். அந்த அடிரோமம்தான் அதற்குக் குளிருக்கும் கூரை, வெயிலுக்கும் கூரை.

இன்ஸ்பெக்டர் அம்மா, நாயைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். நாளைக் காலையில் கால்நடை டாக்டர் வருகிறார், ஊசி போட்டு முடித்துவிடுவதா, யாரிடமாவது கொடுப்பதா என்று அவர்தான் சொல்ல வேண்டும், அதற்கு அதன் குணம் தெரிய வேண்டும் என்றீர்கள். "எழுதத் தெரியுமா பெரியவரே?" என்றும் கேட்டீர்கள். தெரியும். நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டது. எழுத்து கோணலாக இருக்கும். மற்றபடி விஷயம் நேராக இருக்கும்.

டாக்டர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது கடிக்கிற நாய் இல்லை. காவல் நாய் வேறு, மேய்ப்பு நாய் வேறு. காவல் நாய்க்குப் பல்லில் வேலை. இதற்குக் கண்ணில் வேலை. தலையைத் தாழ்த்தி, வயிறு புல்லில் உரசப் பதுங்கி, இமைக்காமல் பார்க்கும். அந்தப் பார்வைக்கே ஆடு நகரும். வேலையில் இருக்கும்போது குரைக்காது. மந்தையைச் சுற்றி வளைந்து போகிற அழகைப் பார்த்துத்தான் குட்டியிலேயே கொக்கி என்று பேர் வைத்தோம்.

இப்போது அதை ஸ்டேஷன் வாசலில் பம்புக் குழாயில் கட்டியிருக்கிறீர்கள். சைக்கிள் போகும்போதெல்லாம் அது பதுங்குகிறது. கான்ஸ்டபிள் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "வெறி பிடிச்சிருக்கு, கிட்டப் போகாதீங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். வெறி இல்லை. வேலை இல்லை. இந்த இன நாய்க்கு வேலையும் ஒரு சாப்பாடுதான். காலையும் மாலையும் நாக்குத் தொங்க ஓட வேண்டும். ஓடினால் மட்டும் போதாது, மூளைக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும். சும்மா கட்டிப் போட்டால் சுவரில் ஓடும் நிழலைத் துரத்தும். கோழிகளை மூலையில் சேர்த்து வைக்கும். குழந்தைகளைச் சுற்றி வந்து வாசற்படியில் உட்கார வைக்கும். என் தங்கை மகள் நடை பழகிய காலத்தில் தெருப்பக்கம் போகவே முடிந்ததில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரில் கொக்கி நிற்கும். "புள்ளையை நான் பெத்தேன், வளர்க்கிறது இது" என்று தங்கை சொல்வாள்.

அந்தத் தங்கையின் கணவன்தான் முந்தாநாள் ஆடு குளிப்பாட்டும் மருந்துத் தொட்டியில் செத்தவன். பண்ணையில் ரோமம் வெட்டுகிறவன். நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன், அவன் என்னை மச்சான் என்பான். அவனைப் பற்றி எழுதாமல் கொக்கியைப் பற்றி எழுத முடியாது.

எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவன் அவன். நான் முதன்முதலில் படித்த சொல் விஷம். ஆடு குளிப்பாட்டும் மருந்து டின்னில் அது எழுதியிருக்கும். அதுவரை மண்டையோட்டுப் படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். படம் உரிந்துபோன டின்னைத் தண்ணீர் டின் என்று நினைத்து ஒருநாள் வாய்க்குத் தூக்கிவிட்டேன். அவன் ஓடி வந்து கையைத் தட்டிவிட்டான். அன்று சாயங்காலமே, ஆட்டுக்கு அடையாளம் போடுகிற நீலக் கட்டியை எடுத்து, கொட்டகைத் தகரச் சுவரில் அ எழுதினான்.

"எதுக்கு மாப்பிள்ளை இந்த வயசுல?" என்றேன்.

"நீங்க போயிட்டா உங்க தங்கச்சி என்னைத்தான் திட்டுவா. எனக்கு அந்த வம்பு வேணாம் மச்சான், எழுதுங்க."

அப்படித்தான் அவன் பேச்சு இருக்கும். எதையும் நேராகச் சொல்ல மாட்டான், சிரிப்பில் சுற்றித்தான் கொடுப்பான். நல்லவன் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். நம்பாத ஆள் செய்தால் அதற்குத் துரோகம் என்று பேர் இல்லை அல்லவா.

இனி சாப்பாடு. வேலை முடிந்து மூச்சு அடங்கிய பிறகுதான் தட்டு வைக்க வேண்டும். ஓடிவந்த சூட்டில் வைத்தால் வயிறு உப்பும். சமைத்த எலும்பு ஆகாது. முக்கியமாக ஒன்று, ஆட்டுக்குப் பூச்சி நீக்கப் போடும் மருந்துகளில் சிலவற்றை இந்த இனம் தாங்காது. நக்கினாலே நடுக்கம் கண்டுவிடும். டாக்டருக்குத் தெரிந்திருக்கும், வளர்க்கிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம். இடி இடித்தால் பயப்படும். அப்போது திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். எப்போதுமே குரலை உயர்த்தக் கூடாது. கத்துகிற ஆளிடம் இது வேலை செய்யாது. நான் அதனிடம் ஒருநாளும் கத்தியதில்லை.

குரலைவிட இதற்குச் சீட்டிதான் மொழி. அரை மைல் தள்ளி நிற்கும் நாய்க்குப் பேச்சு எட்டாது. இடது பக்கம் போக ஒரு மெட்டு, வலது பக்கம் போக ஒரு மெட்டு. முன்னால் தள்ள இரண்டு குட்டைச் சத்தம். நின்ற இடத்தில் படுக்க ஒரு நீளச் சத்தம். ஆளுக்கு ஆள் மெட்டு மாறும். அதனால் எங்கள் பண்ணையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அடுத்தவன் நாய்க்குச் சீட்டி அடிக்கக் கூடாது. சண்டை போட்டுக்கொண்டு பேச்சு நின்ற ஆட்கள்கூட அதை மீறியதில்லை. இரண்டு வாய்க்குக் கீழ்ப்படிகிற நாய், ஓடுகிற ஓட்டத்தில் குழம்பி நின்றுவிடும். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. அடுத்தவன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகிற மாதிரி அது.

போன குளிர்காலத்தில் ஒரு கிடா முட்டி என் முன்பற்கள் போயின. அதற்குப் பிறகும் என் சீட்டி அப்படியேதான் இருந்தது. கொஞ்சம் காற்று சேர்ந்து வரும், அவ்வளவுதான்.

"மச்சான், அது சீட்டியா, டயர் பஞ்சரா?" என்று கஞ்சி குடிக்கும் இடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டான் மாப்பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்போதிலிருந்து கொக்கி மாறியது. இடதுக்கு அடித்தால் நிற்கும். தலையைச் சாய்த்து என் வாயையே பார்க்கும். மறுபடி அடித்தால் ஓரடி வைத்துவிட்டு மறுபடி நிற்கும். காது போய்விட்டதோ என்று பின்னால் நின்று குச்சியை ஒடித்துப் பார்த்தேன். சட்டென்று திரும்பியது. காது நன்றாக இருந்தது. காது நன்றாக இருக்கிற நாய் கேட்கவில்லை என்றால் யாரோ அதைக் கெடுக்கிறார்கள் என்று அர்த்தம்.

முதலாளிக்கும் செய்தி போய்விட்டது. மேய்ச்சலுக்கே வந்து என்னிடம் சொன்னார். "நாயை ஓட்ட முடியலன்னா சொல்லிடுங்க. தப்பா எடுத்துக்க மாட்டேன். எருக் கொட்டகையில ஆள் பத்தல. நாயை வேற ஆளுகிட்ட குடுத்துக்கலாம். வெள்ளிக்கிழமை வந்து ஒரு தடவை பார்க்கிறேன்."

வேறு ஆள். அந்த வேறு ஆள் யாராக இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை முதலாளி வேலியோரம் கை கட்டி நின்றார். மேட்டில் மந்தை மேய்ந்துகொண்டிருந்தது. நான் கொக்கியை அனுப்பி, இடதுக்குச் சீட்டி அடித்தேன். அது நின்றது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. என் காது மடல் சுட்டது. இன்னொரு தடவை வாயைக் குவித்தேன். நான் அடித்து முடித்த அதே நொடியில் எங்கிருந்தோ மெல்லிசாக, ஊசி மாதிரி ஒரு சத்தம் வந்தது. கொக்கி இடது பக்கம் பறந்தது. பிறகு வலதுக்கும் அதே மாதிரி. நான் அடிப்பேன், பின்னாலேயே அந்தச் சத்தம் வரும், நாய் போகும். மந்தை ஒரே கொத்தாக இறங்கிவந்து பட்டிக்குள் நுழைந்தது. காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் முதலாளிக்கு எதுவும் கேட்கவில்லை.

"சும்மா சொன்னாங்க போல. நல்லாத்தானே ஓட்டுறீங்க," என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

நான் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கழுத்தில் கயிறு, கயிற்றின் நுனியில் நாக்குமேல் வைத்து ஊதுகிற தகர விசில். மேய்ப்பர்கள் சிலர் வைத்திருப்பார்கள். ரோமம் வெட்டுகிறவனுக்கு அது எதற்கு. அவன் என்னைப் பார்க்கவில்லை. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு தனக்குத்தானே சிரித்துக்கொண்டான். கொக்கி வேலியைத் தாண்டி வந்து அவன் முழங்காலில் தலையை வைத்தது.

அம்மா, உங்களுக்கு நாய் இல்லை என்று நினைக்கிறேன். அதனால் இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். கொக்கி குட்டியாக இருந்தபோது தாய் பால் கொடுக்கவில்லை. என் சட்டைக்குள் வைத்து வளர்த்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீடு என்று சொல்ல ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும்தான். உலகத்தில் என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தால் அதற்காக ஓடுகிற உயிர் அது ஒன்றுதான். அதை ஒருவன் எனக்குத் தெரியாமல் பழக்கியிருக்கிறான். ஒருநாளில் பழக்க முடியாது, பல வாரம் ஆகும். அத்தனை வாரமும் என் எதிரில் உட்கார்ந்து கஞ்சி குடித்திருக்கிறான். எழுத்துச் சொல்லிக் கொடுத்தவன். என் தங்கையைக் கட்டியவன்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சிரித்து மழுப்புவான் என்று தெரியும்.

அடுத்த நாள் அவனே வந்தான். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி என் கட்டில்மேல் வைத்தான்.

"வெச்சுக்குங்க மச்சான். இதை ஊதப் பல்லு வேணாம், நாக்கு போதும்."

"என் சீட்டியே போதும் மாப்பிள்ளை."

"போதும்தான். யாரு இல்லன்னா? மழைக்காலத்துல உபயோகப்படும். சும்மா குடுக்கல, இரவல்தான். பல்லு முளைச்சதும் திருப்பிக் குடுத்துடுங்க."

அவன் போன பிறகு அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நாயை எடுத்துக்கொண்டு, பிச்சை போடுகிற மாதிரி ஒரு தகரத் துண்டை வீசிவிட்டுப் போகிறான் என்றுதான் பட்டது. ஊதிப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் போட்டேன்.

மருந்துக் குளியல் அதற்கு அடுத்த வாரம். அந்த இடத்தை நீங்கள் பார்த்தீர்கள். பட்டியிலிருந்து ஓர் ஆடு மட்டும் போகிற அகலத்தில் பலகைச் சந்து. சந்தின் கடைசியில் ஒரு தூக்குக் கதவு, அதைத் தாண்டியதும் தரை இல்லை, தொட்டிதான். ஆடு அதில் விழுந்து, மருந்தில் முழுக நீந்தி, மறுகரைச் சரிவில் ஏறிவரும். ஆடு தானாக இறங்காது. பின்னாலிருந்து நாய் தள்ள வேண்டும். பட்டி நிறைய ஆடு நெருக்கிக்கொண்டு நிற்கும்போது, முன்னால் ஓர் இடம் கிடைத்தால் போதும், எல்லாம் ஒரே மூச்சில் பாயும். அப்போது குறுக்கே மரம் நின்றாலும் சாய்ந்துவிடும். அதனால்தான் சந்துக்குள் ஆள் இருந்தால் நாயைப் படுக்க வைத்து, ஓட்டுகிறவன் அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு முதலில் அதைத்தான் சொல்லித் தருவோம்.

அன்று தூக்குக் கதவு ரோமம் அடைத்துத் திறக்காமல் நின்றுவிட்டது. மாப்பிள்ளை பலகை ஏறிச் சந்துக்குள் குதித்தான். கதவடியில் மண்டியிட்டு ரோமத்தைப் பிடுங்க ஆரம்பித்தான். மற்ற ஆட்கள் தொட்டியின் மறுகரையில், காய்கிற ஆடுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் கொட்டகைச் சுவர்.

"மச்சான், நான் உள்ள இருக்கேன். நாயைப் பார்த்துக்குங்க," என்றான்.

"சரி மாப்பிள்ளை," என்றேன்.

கொக்கி எழுந்து நின்றிருந்தது. நான் வாயால் நீளமாக அடித்தேன், படு என்று. அது படுக்கவில்லை. என்னைப் பார்த்தது. பிறகு சந்துப் பக்கம், அவன் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தது. அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தது.

அம்மா, கோபத்தில் செய்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு வசதியாக இருக்கும். கோபம் வரவில்லை. வந்திருந்தால் கத்தியிருப்பேன். வெகுநேரம் நின்ற கால்வலி உட்கார்ந்ததும் இறங்குமே, அப்படித்தான் இருந்தது. பையிலிருந்து தகர விசிலை எடுத்தேன். நாக்கில் வைத்தேன். இரண்டு குட்டையாக ஊதினேன்.

கொக்கி போனது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மந்தையின் பின்னால் வளைந்து, பதுங்கி, பார்த்தது. முதல் ஆடு சந்துக்குள் நுழைந்ததும் மற்றதெல்லாம் நுழைந்தன. மாப்பிள்ளை சத்தம் கேட்டுத் திரும்பினான். முதலில் நாயைப் பார்த்தான், அப்புறம் என்னை. என் வாயில் விசில் இருந்ததைப் பார்த்தான். அவன் கை நெஞ்சுக்குப் போய் எதையோ தேடியது. நிறுத்து என்று ஊதத் தேடியிருக்கிறான். கயிறு அங்கே இல்லை, என்னிடம் இருந்தது.

முன்னால் வந்த ஆடுகள் அவனோடு சேர்ந்து கதவை உடைத்துக்கொண்டு தொட்டியில் விழுந்தன. பின்னால் வந்தவை அவற்றின்மேல் விழுந்தன. ஒரே ஒரு நீளச் சத்தம் ஊதினால் போதும், கொக்கி படுத்துவிடும், தள்ளுவது நின்றுவிடும். எனக்கு மூச்சு இருந்தது. விசிலை வாயில் வைத்தபடியே நின்றேன். பட்டி காலியான பிறகு ஊதினேன். கொக்கி அதே இடத்தில் படுத்தது.

மறுகரையில் ஏறிவந்த ஆடுகள் உடம்பை உதறிக்கொண்டு நின்றன. எல்லாம் நன்றாக நனைந்திருந்தன.

ஆட்கள் ஓடி வந்து கேட்டபோது, நாய் தானாகப் பாய்ந்துவிட்டது என்றேன். உங்களிடமும் அதையே சொன்னேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அப்போது கொக்கிமேல் எனக்கு மனத்தாங்கல் தீரவில்லை. பம்புக் குழாயில் கட்டியபோதும் இருக்கட்டும் என்றுதான் விட்டேன். ஊசி என்று நீங்கள் சொன்ன பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். அது செய்தது தப்பு இல்லை. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தது. வேலையைச் சரியாகச் செய்த நாய்க்கு ஊசி போடக் கூடாது. டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள்.

நேற்று என் தங்கை இங்கே வந்திருந்தாள். ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். கொக்கி கயிற்றை இழுத்துக்கொண்டு அவள் காலை நக்கியது. அவள் அதை உதைக்கவில்லை. கழுத்தைத் தடவிக் கொடுத்தாள்.

"இது வேணும்னு செஞ்சிருக்காது அண்ணா," என்றாள். "தினமும் சாயங்காலம் நீ கண் அசர்ற நேரத்துல இதைக் கூட்டிட்டு மேட்டுக்குப் போயிடுவாரு. எங்க போறீங்கன்னு கேட்டா மச்சான் வேலைன்னு சொல்லுவாரு. உன் அண்ணனுக்குப் பல்லு போச்சு, நாய்க்கு அவரு சீட்டி புரியல, அவருகிட்ட சொன்னா ரோஷப்படுவாரு, அதனால நாயைத் தகர விசிலுக்குப் பழக்கிட்டு அப்புறமா விசிலைக் குடுத்துடுறேன்னு சொன்னாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு. குடுத்தாரா அண்ணா?"

"குடுத்தான்," என்றேன்.

"நல்லா வேலை செய்யுதா?"

"செய்யுது."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். துக்கத்தில் இருக்கிறவர்கள் போனவர்களைப் பற்றி இப்படித்தான் நல்லதாக எதையாவது சேர்த்துச் சொல்வார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளிடம் மறுத்தும் பேசவில்லை. தங்கை மனசு நோகப் பேசி எனக்குப் பழக்கம் இல்லை.

கொக்கியை அவளிடமே கொடுத்துவிடலாம் என்பது என் யோசனை. அது மகளையும் பார்த்துக்கொள்ளும். இப்போது அவர்கள் வீட்டில் துணைக்கு ஆளில்லை. பாதத்தில் முள் இருக்கிறதா என்று தினமும் பார்க்கச் சொல்லுங்கள். வயதாகும்போது இந்த இனத்துக்குக் கண் மங்கும், அப்போது பொருள்களை இடம் மாற்றி வைக்கக் கூடாது என்றும் சொல்லுங்கள்.

விசிலை இந்தக் காகிதத்தோடு வைத்திருக்கிறேன். நாயோடு சேர்த்துக் கொடுங்கள். வேறு விசில் வாங்க வேண்டாம். இந்தச் சத்தத்துக்குத்தான் அது வரும்.

ஒன்றை மட்டும் கடைசியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த விசிலை நான் கொக்கிக்கு ஒருநாளும் பழக்கியதில்லை. அன்றைக்கு முன்னால் வாயில் வைத்ததுகூட இல்லை. ஆனாலும் முதல் ஊதலுக்கே போனது. தன் ஆள் யார் என்று அதற்குத் தெரியும்.